ஒலிமட்டமானியும் அதன் அளவுதிருத்தமும்

கடைவீதியில் காய்கறி விற்போரிடமும், தானிய மண்டிகளிலும், பயன்பட்டு வரும் ஒவ்வோர் எடைக்கல்லிலும் அரசாங்கத்தின் முத்திரை பொறிக்கப்பட்டிருப்பதை யாவரும் கண்டிருப்பர். எடைகள், அளவுகள் ஆகியவற்றின் தரத்தை நிறுவும் சட்டம் 1956ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. எடைக்கல் புதிதாயிருக்கும்போது சரியாக இருந்தால் மட்டும் போதாது. கல் நாளடைவில் தேயும். தராசின் முள் பிசகும். ஆதலால் குறித்த காலத்துக்கு ஒருமுறை அதனை மேலான தர எடையோடு ஒப்பிட்டு, மீண்டும் முத்திரை இடுகின்றனர். இவ்வேற்பாடு இருப்பதனாலேயே வாங்குவோரும் விற்போரும் ஒருவரையொருவர் அறியாவிடினும் கல்லை நம்ப முடிகிறது.

ஒலியை அளக்கும் கருவிக்கும் இந்த நியதி முற்றிலும் பொருந்தும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தேய்ந்த எடைக்கல்லைக் கையில் எடுத்தவுடன் அனுபவமுள்ள வியாபாரி ஐயுறக்கூடும். பிசகிய ஒலிமட்டமானியோ அவ்வாறு தன்னைக் காட்டிக்கொடுப்பதில்லை. அதன் திரையில் எண்கள் வழக்கம்போலத் தெளிவாகத் தோன்றும். பத்தில் ஒரு டெசிபல் வரையில் நுட்பமாகவும் தோன்றும். எண் தெளிவாக இருப்பது வேறு, அது மெய்யாக இருப்பது வேறு. இவ்விரண்டையும் இணைப்பதே அளவுதிருத்தம் எனப்படும் செயலாகும்.

சிறு பிழையின் பெரிய விளைவு

இந்தியாவில் 2000ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஒலி மாசு ஒழுங்குமுறை, கட்டுப்பாட்டு விதிகள் நான்கு வகைப் பகுதிகளுக்குத் தனித்தனியே வரம்பு வகுத்துள்ளன. தொழிற்பகுதிக்குப் பகலில் 75, இரவில் 70 டெசிபல். வணிகப் பகுதிக்கு 65, 55. குடியிருப்புப் பகுதிக்கு 55, 45. மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சூழ்ந்த அமைதிப் பகுதிக்கு 50, 40 என்பன அவ்வரம்புகள். காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை பகல் எனக் கொள்ளப்படும். வரம்பைவிட 10 டெசிபல் அல்லது அதற்கு மேல் ஒலி மிகுந்தால் எவரும் உரிய அதிகாரியிடம் முறையிடலாம் என்றும் அவ்விதிகள் கூறுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம். குடியிருப்புப் பகுதியொன்றில், திருமண மண்டபத்தின் ஜெனரேட்டர் இரவு முழுவதும் ஓடுகிறது. அடுத்த வீட்டில் நோயாளி ஒருவர் உறக்கமின்றி வருந்துகிறார். முறையீட்டின் பேரில் களப்பணியாளர் ஒருவர் வந்து அளக்கிறார். அங்கே நிலவும் மெய்யான ஒலிமட்டம் 55.6 டெசிபல் எனக் கொள்க. இரவு வரம்பாகிய 45ஐ அது 10.6 டெசிபல் மிஞ்சுகிறது. ஆகவே முறையீடு விதிக்கு உட்பட்டது. ஆனால் கருவி 1.8 டெசிபல் குறைத்துக் காட்டுமாயின், குறிப்பேட்டில் 53.8 என்றே எழுதப்படும். மிகுதி 8.8 ஆகிவிடுவதால் அவ்விதியின்படி முறையீட்டுக்கு அடிப்படை இல்லாமற் போகிறது. கருவி அதே அளவு கூட்டிக் காட்டினால், வரம்பின் இடைவெளிக்கு உட்பட்டு நடப்பவர்மீது வீண்பழி விழும். இருவருள் எவருக்கும் தீங்கு நினையாத களப்பணியாளர், தம் கருவியைச் சரிபார்க்காத ஒரே காரணத்தால் அநீதிக்குத் துணை போனவராகிறார்.

1.8 டெசிபல் என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். டெசிபல் அளவுமுறை மடக்கை முறையில் அமைந்தது என்பதை மறவாதிருத்தல் வேண்டும். 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இருமடங்காகும். 10 டெசிபல் கூடினால் பத்து மடங்காகும். அவ்வாறே 1.8 டெசிபல் பிழை, ஆற்றலில் ஏறத்தாழ ஒன்றரை மடங்குப் பிழைக்குச் சமம். ஒரு கிலோ சரக்கை ஒன்றரைக் கிலோ என நிறுத்துக் கொடுக்கும் தராசை எவரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்.

தொழிற்சாலைகளில் இப்பிழை உடல் நலத்தையே தாக்குகிறது. அமெரிக்க நாட்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதார ஆராய்ச்சி நிறுவனம் 1998ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிந்துரையின்படி, 85 டெசிபல் ஒலியில் ஒருவர் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் பணியாற்றலாம். 88 டெசிபலாயின் நான்கு மணி நேரமே தகும். 3 டெசிபல் குறைத்துக் காட்டும் கருவியை நம்பி நெசவாலையிலோ கொல்லுப்பட்டறையிலோ பணி நேரம் வகுக்கப்படுமாயின், தொழிலாளி தகுதியான நேரத்தைப்போல் இருமடங்கு நேரம் இரைச்சலில் நிற்பார். உட்செவியில் அழிந்த உணர்வணுக்கள் மீண்டும் தோன்றுவதில்லை. எனவே இப்பிழையின் விளைவைப் பின்னர் திருத்த இயலாது.

கருவியின் அமைப்பு

ஒலி என்பது காற்றழுத்தத்தில் நிகழும் விரைவான ஏற்றத்தாழ்வு. இவ்வேற்றத்தாழ்வு எத்துணை நுண்ணியது என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று. கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 1,01,325 பாஸ்கல். மேற்கூறிய இரவில் நோயாளியை வருத்திய 55 டெசிபல் அளவிலான ஒலியின் அழுத்தமோ ஒரு பாஸ்கலில் நூற்றில் ஒரு பங்கினைச் சிறிதே மிஞ்சும். அதாவது, காற்றழுத்தத்தில் ஏறத்தாழ தொண்ணூறு இலட்சத்தில் ஒரு பங்கு. இதனை உணர்ந்து அளப்பதே ஒலிமட்டமானியின் பணி.

இதன் தலையாய உறுப்பு ஒலிவாங்கி. சிறந்த கருவிகளில் இது மின்தேக்கி வகையைச் சேர்ந்தது. மிக மெல்லிய உலோகச் சவ்வு ஒன்று, அதன் பின்னுள்ள தகட்டிலிருந்து மயிரிழையினும் குறுகிய இடைவெளியில் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். ஒலி பட்டவுடன் சவ்வு அதிரும், இடைவெளி மாறும், அதற்கேற்ப மின்னழுத்தமும் மாறும். இவ்வகை ஒலிவாங்கியை 1917ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி எட்வர்ட் வென்ட் அறிமுகப்படுத்தினார். ஒலிவாங்கியிலிருந்து வரும் நுண்ணிய மின்குறியைப் பெருக்கி ஒன்று வலுப்படுத்துகிறது. பின்னர் அது வடிப்பிகளின் வழியாகச் செல்கிறது.

மனிதச் செவி எல்லாச் சுருதிகளையும் ஒரே வகையில் உணர்வதில்லை. தாழ்ந்த சுருதிகள் செவிக்கு மெலிந்தே கேட்கும். இவ்வியல்பைப் பின்பற்றி அமைந்ததே ‘ஏ’ எனப்படும் வடிப்பி. 1000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இது எம்மாற்றமும் செய்வதில்லை. 250 ஹெர்ட்ஸில் 8.6 டெசிபலும், 125 ஹெர்ட்ஸில் 16.1 டெசிபலும், 63 ஹெர்ட்ஸில் 26.2 டெசிபலும் குறைத்துக் காட்டும். இவ்வெண்களுள் முதலாவதைக் களப்பணியாளர் மனத்திற் பதித்துக்கொள்ளுதல் நன்று. அதன் காரணம் பின்னர் விளங்கும்.

பிழை தோன்றும் வழிகள்

கருவியின் மின்னியற் பகுதிகள் பெரும்பாலும் நிலைத்த தன்மை உடையவை. பிழை பெரும்பாலும் ஒலிவாங்கியிலிருந்தே பிறக்கிறது. சவ்வு மெல்லியதாகையால் கருவி கீழே விழுந்தாலும், விரல் பட்டாலும் பழுதுறும். குளிரூட்டிய வாகனத்திலிருந்து கருவியை ஈரக்காற்றுக்குத் திடீரெனக் கொணர்ந்தால் சவ்வின்மீது நீர்த்துளிகள் படியும். மின்கசிவு ஏற்பட்டுப் படபடவென்ற பொய்யொலி தோன்றும். கடலோர நகரங்களில் உப்புத் துகளும், தொழிற்பகுதிகளில் புழுதியும் சவ்வில் படிந்து அதன் உணர்திறனை மாற்றும். மின்கலம் தளர்ந்தால் சில கருவிகளின் காட்டுதல் குன்றும்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2011ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய ஒலிக் கண்காணிப்பு வலையமைப்பில், தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூரு, ஐதராபாத், லக்னோ ஆகிய ஏழு நகரங்களில் 70 நிலையங்கள் அமைக்கப்பட்டன. இத்தகைய நிலையங்களின் ஒலிவாங்கிகள் வெயிலிலும் மழையிலும் இரவும் பகலும் திறந்த வெளியில் நிற்பவை. கையில் எடுத்துச் செல்லும் கருவியைவிட இவற்றுக்குச் சரிபார்த்தல் இன்னும் இன்றியமையாதது.

காலிபிரேட்டர்

களத்தில் கருவியைச் சரிபார்க்க உதவுவது, காலிபிரேட்டர் என எல்லாராலும் வழங்கப்படும் சிறு ஒலிமூலம். கைக்குள் அடங்கும் இச்சாதனத்தில் ஒரு துளை உண்டு. அத்துளையில் ஒலிவாங்கியைச் செருகி விசையை அழுத்தினால், உள்ளேயிருக்கும் சிறு குழியில் மாறாத வலிவுடைய ஒலி பிறக்கும். இதுவே களப்பணியாளரின் முத்திரையிட்ட எடைக்கல் எனலாம்.

பெரும்பாலான காலிபிரேட்டர்கள் 1000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் 94 டெசிபல் ஒலியைத் தருகின்றன. 94 என்னும் எண் எவ்வாறு வந்தது என மாணவர்கள் வினவக்கூடும். டெசிபல் அளவின் தொடக்கம் 20 மைக்ரோபாஸ்கல். ஒரு பாஸ்கல் என்பது அதன் 50,000 மடங்கு. 50,000இன் மடக்கை 4.699, அதனை 20ஆல் பெருக்கினால் 93.98 கிடைக்கும். அதாவது, 94 டெசிபல் என்பது ஒரு பாஸ்கல் அழுத்தமே. சில சாதனங்களில் 114 டெசிபலும் உண்டு. அது பத்து பாஸ்கல். இரைச்சல் மிகுந்த இடங்களில் சரிபார்க்க இவ்வுயர்ந்த அளவு பயன்படும். 1000 ஹெர்ட்ஸைத் தெரிந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. ‘ஏ’, ‘சி’ முதலிய எல்லா வடிப்பிகளும் அவ்வதிர்வெண்ணில் ஒரே அளவையே காட்டுமாதலால், வடிப்பியை மாற்ற மறந்தாலும் பிழை நேராது.

மற்றொரு வகை பிஸ்டன்போன். இதில் சிறு மோட்டார் ஒன்று இரண்டு பிஸ்டன்களை முன்னும் பின்னும் இயக்கி, மூடிய குழியிலுள்ள காற்றை அமுக்கித் தளர்த்துகிறது. வழக்கமாக 250 ஹெர்ட்ஸில் 124 டெசிபல் ஒலியை இது தரும். மிகவும் நிலைத்த தன்மை உடையதாயினும் இதனைக் கையாளுவதில் இரண்டு எச்சரிக்கைகள் தேவை.

முதலாவது, வடிப்பி பற்றியது. ‘ஏ’ வடிப்பியில் வைத்திருக்கும் கருவியில் பிஸ்டன்போனைப் பொருத்தினால் 124 காட்டாது, 8.6 குறைந்து 115.4 காட்டும். இது பிழையன்று. இதனை அறியாதவர் திருகைத் திருப்பி 124க்குக் கொண்டுவந்தால், அன்று முதல் அக்கருவி எல்லா ஒலிகளையும் 8.6 டெசிபல் கூட்டிக் காட்டும். அமைதியான தெருவும் சந்தையாகத் தோன்றும்.

இரண்டாவது, காற்றழுத்தம் பற்றியது. பிஸ்டன் அமுக்குவது அவ்விடத்துக் காற்றையே. காற்றழுத்தம் குறைந்தால் ஒலியின் அழுத்தமும் அதே விகிதத்தில் குறையும். மலையுச்சிகளில் காற்று மெலிந்திருப்பதால் பிஸ்டன்போனின் ஒலியும் மெலிந்திருக்கும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரில் அது சுமார் 1 டெசிபல் குறையும். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரமான உதகமண்டலத்தில் சுமார் 2.4 டெசிபல் குறையும். ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரமான லே நகரில் 3.7 டெசிபலுக்குமேல் குறையும். உதகமண்டலத்தில் இத்திருத்தத்தைச் சேர்க்காமல் கருவியை 124க்கு இழுத்து வைப்பவர், அன்று அளக்கும் ஒலிகள் யாவற்றையும் 2.4 டெசிபல் மிகையாகவே எழுதுவார். இதனைத் தவிர்ப்பதற்காகவே பிஸ்டன்போனுடன், திருத்தத்தை டெசிபலிலேயே காட்டும் காற்றழுத்தமானியும் தரப்படுகிறது. 1000 ஹெர்ட்ஸ் காலிபிரேட்டர்கள் பலவற்றில் ஒலியின் வலிவைத் தானே கண்டு திருத்திக்கொள்ளும் அமைப்பு இருப்பதால் அவற்றின்மீது உயரத்தின் பாதிப்பு மிகக் குறைவு. எனினும் கைந்நூலைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுதல் வேண்டும்.

களத்தில் செய்ய வேண்டியவை

அளவிடத் தொடங்குமுன் பின்வரும் ஒழுங்கைக் கடைப்பிடித்தல் நலம்.

முதலில், கருவியையும் காலிபிரேட்டரையும் அவ்விடத்தின் வெப்பநிலைக்கும் ஈரப்பதத்துக்கும் பழகவிடுதல் வேண்டும். உறையிலிருந்து எடுத்தவுடன் சரிபார்த்தலாகாது. மின்கலங்களின் நிலையையும் அப்போதே பார்த்துக்கொள்க.

அடுத்து, காற்றுத்தடுப்பான் எனப்படும் பஞ்சு உருண்டையை நீக்கி, ஒலிவாங்கியைத் துளையில் நேராக, மெல்லச் செருகுதல் வேண்டும். ஒலிவாங்கியின் விட்டத்துக்கு ஏற்ற வளையம் பொருத்தப்பட்டிருத்தல் வேண்டும். ரப்பர் வளையம் தேய்ந்து காற்று கசிந்தால் ஒலி குன்றும். அதனைக் கருவியின் பிழையெனக் கருதித் திருத்திவிடும் ஆபத்து உண்டு. செருகியபின் உள்ளழுத்தம் அடங்கச் சில நொடிகள் காத்திருத்தல் வேண்டும். சுற்றுப்புறம் இயன்ற அளவு அமைதியாக இருக்கட்டும்.

மூன்றாவதாக, திரையிலுள்ள எண்ணை எதனையும் திருத்துமுன் குறிப்பேட்டில் எழுதுதல் வேண்டும். இதுவே ஒழுங்கு முழுவதிலும் முதன்மையானது. அடிக்கடி மறக்கப்படுவதும் இதுவே. கருவி 93.4 காட்டியிருக்கலாம். அதனை 94.0க்குத் திருத்தியபின் 94.0 என்று மட்டும் எழுதினால், கருவி எவ்வளவு பிசகியிருந்தது என்னும் செய்தி என்றென்றைக்கும் மறைந்துவிடும். இதற்குமுன் அளந்த அளவுகளை நம்பலாமா என்னும் வினாவுக்கு விடை கூற வல்லது அந்த 93.4 ஒன்றே.

நான்காவதாக, கருவியின் கைந்நூல் கூறும் எண்ணுக்கே திருத்துதல் வேண்டும். திறந்த வெளியில் அளப்பதற்கென அமைந்த ஒலிவாங்கிகள் சில, காலிபிரேட்டரின் சிறு குழியினுள் சற்றே குறைத்துக் காட்டும் இயல்புடையன. அவற்றுக்குச் சரியான எண் 94.0 அன்று, 93.8 அல்லது 93.9 ஆக இருக்கலாம்.

இவை முடிந்தபின் காற்றுத்தடுப்பானை மீண்டும் பொருத்தி, கருவியை முக்காலியின்மீது தரையிலிருந்து 1.2 முதல் 1.5 மீட்டர் உயரத்தில் நிறுத்தி அளவிடத் தொடங்கலாம்.

அளந்து முடிந்தபின்

அளவிடல் முடிந்தவுடன், இடத்தைவிட்டு அகலுமுன், காலிபிரேட்டரை மீண்டும் பொருத்திப் பார்த்தல் வேண்டும். முன்னும் பின்னும் கண்ட எண்களின் வேறுபாடு 0.5 டெசிபலுக்கு மிகாமல் இருந்தால் அளவுகளை ஏற்கலாம். அதற்கு மேற்பட்டால் இடையில் எடுத்த அளவுகள் யாவற்றையும் தள்ளிவிடுதல் வேண்டும் என்பது உலகத் தர ஆவணங்கள் பலவும் கூறும் முறை. நள்ளிரவு வரை நின்று அளந்ததைத் தள்ளுவது மனத்துக்கு வருத்தம் தருவதே. ஆயினும் கருவி எந்த நொடியில் பிசகியது என்று எவரும் அறிய இயலாதாகையால், பாதியை ஏற்றுப் பாதியைத் தள்ளவும் வழியில்லை.

இங்கு ஓர் உண்மையைக் கூறுதல் வேண்டும். சில அலுவலகங்களின் குறிப்பேடுகளில் மாதக்கணக்கில் முன்னும் 94.0, பின்னும் 94.0 என்றே காணப்படும். வெயில், குளிர், ஈரம், பயணம் ஆகியவற்றுக்கு உள்ளாகும் ஒரு கருவி இவ்வாறு ஒரு புள்ளியும் அசையாமல் நிற்பது அரிது. மெய்யான குறிப்பேட்டில் 93.9, 94.1, 93.8 என எண்கள் சிறிது சிறிதாக ஊசலாடும். அவ்வூசலாட்டம் கருவியின் குறையன்று. அது சரிபார்க்கப்பட்டதற்கான சாட்சி. நீதிமன்றத்தில் வினா எழும்போது களப்பணியாளரைக் காப்பாற்றுவதும் அதுவே.

எண்கள் ஊசலாடாமல் ஒரே திசையில் சரிந்துகொண்டே போனால், அது பழுதின் அறிகுறி. மாதந்தோறும் கண்ட எண்களை வரைபடத்தாளில் குறித்து வந்தால் இச்சரிவு கண்ணுக்குப் புலனாகும். அப்போது பிசகியது கருவியா, காலிபிரேட்டரா என்னும் ஐயம் எழும். அதனைத் தீர்க்க ஓர் எளிய வழி உண்டு. இரண்டு காலிபிரேட்டர்கள் இருக்குமாயின், ஒன்றைக் களத்துக்கு அனுப்பாமல் அலுவலகத்திலேயே பேணி, மாதத்துக்கு ஒருமுறை மற்றதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். எடைக்கற்களுள் ஒன்றைப் பெட்டியில் பூட்டி வைக்கும் பழைய வழக்கத்தை ஒத்தது இது.

ஒரே சுருதியால் அறிய முடியாதவை

காலிபிரேட்டர் காட்டுவது ஓர் அதிர்வெண்ணில், ஓர் ஒலிமட்டத்தில், கருவி சரியாக உள்ளதா என்பதை மட்டுமே. சவ்வில் நுண்ணிய பழுது நேர்ந்திருந்தால் 1000 ஹெர்ட்ஸில் சரியாகவும், உயர்ந்த சுருதிகளில் தவறாகவும் காட்டக்கூடும். ஒலிவாங்கியின் பக்கத்திலுள்ள காற்றுத்துளை அடைபட்டால் தாழ்ந்த சுருதிகளில் மாறுதல் தோன்றும். 94 டெசிபலில் சரியாயிருக்கும் கருவி, 45 டெசிபலிலும் 125 டெசிபலிலும் சரியாயிருக்கும் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை. 1999ஆம் ஆண்டின் அறிவிக்கைப்படி, பட்டாசு வெடிக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டர் தொலைவில் வரும் திடீரொலியை 125 டெசிபல் அல்லது உச்ச அளவில் 145 டெசிபல் என்னும் வரம்போடு ஒப்பிட வேண்டியுள்ளது. மின்னல்போல் தோன்றி மறையும் அவ்வொலியைக் கருவி சரியாகப் பற்றுமா என்பதைச் சீரான காலிபிரேட்டர் ஒலி ஒருபோதும் சொல்லாது.

ஆதலால் குறித்த காலத்துக்கு ஒருமுறை கருவியையும் காலிபிரேட்டரையும் அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புதல் இன்றியமையாதது. ஆண்டுக்கு ஒருமுறை அல்லது ஈராண்டுக்கு ஒருமுறை அனுப்புவது வழக்கம். ஒலிமட்டமானிகளுக்கான சர்வதேச மின்தொழில்நுட்பக் குழுவின் 61672 என்னும் தரநூல் மூன்று பகுதிகளை உடையது. முதற்பகுதி கருவி எவ்வாறு இருக்க வேண்டும் என்பதையும், இரண்டாம் பகுதி புதிய மாதிரிகளைச் சோதிக்கும் முறையையும், மூன்றாம் பகுதி காலமுறைச் சோதனையையும் வகுக்கின்றன. இதன் 2013ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, 1000 ஹெர்ட்ஸில் முதல் வகுப்புக் கருவிக்கு 0.7 டெசிபலும், இரண்டாம் வகுப்புக் கருவிக்கு 1.0 டெசிபலும் ஏற்கத்தக்க விலகலின் எல்லையாகும்.

காலமுறைச் சோதனையில், பல அதிர்வெண்களில் வடிப்பிகளின் நடத்தை, தாழ்ந்த மட்டம் முதல் உயர்ந்த மட்டம் வரை காட்டுதலின் ஒழுங்கு, திடீரொலிக்கு விடையளிக்கும் வேகம், உச்ச அளவு காட்டும் திறன், கருவிக்குள்ளேயே பிறக்கும் மெல்லிரைச்சல், அளவு மிஞ்சும்போது தோன்ற வேண்டிய எச்சரிக்கை ஆகியவை ஒவ்வொன்றாக ஆராயப்படும். திரும்பி வரும் சான்றிதழை உறையோடு கோப்பில் சேர்த்துவிடுதல் போதாது. அதிலுள்ள விலகல்களையும், அளவின் உறுதியின்மை எவ்வளவு என்பதையும் கருவியைக் கையாளுபவர் படித்தறிதல் வேண்டும்.

தரத்தின் மூலம்

களக்கருவியைக் காலிபிரேட்டர் சரிபார்க்கிறது. காலிபிரேட்டரை ஆய்வுக்கூடம் சரிபார்க்கிறது. ஆய்வுக்கூடத்தின் தரத்தைச் சரிபார்ப்பது எது? இச்சங்கிலி நாட்டின் மூலத் தரத்தில் சென்று முடிகிறது. இந்தியாவில் அளவுகளின் மூலத் தரங்களைப் பேணுவது புதுதில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆய்வுக்கூடம். 1947 ஜனவரியில் ஜவாஹர்லால் நேரு இதற்கு அடிக்கல் நாட்டினார். 1950 ஜனவரி 21ஆம் நாள் சர்தார் வல்லபபாய் படேல் இதனைத் திறந்து வைத்தார்.

எடைக்குக் கல்லும் நீளத்துக்குக் கோலும் இருப்பதுபோல், ஒலிக்குப் பெட்டியில் பூட்டி வைக்கத்தக்க பொருள் ஏதும் இல்லை. பிறந்த நொடியிலேயே மறையும் ஒன்றுக்குத் தரம் வகுப்பது எவ்வாறு? 1882ஆம் ஆண்டில் ராலே பிரபு ஒரு வழி கண்டார். மெல்லிய நூலில் தொங்கும் சிறு தட்டு, ஒலியின் ஓட்டத்தில் தானே திரும்புவதைக் கொண்டு அவர் ஒலியின் வலிவைக் கணக்கிட்டார். ஆனால் அத்தட்டு மெல்லிய காற்றோட்டத்துக்கும் அசைந்துவிடும். பின்னர் 1940ஆம் ஆண்டில் மக்லீன், 1941ஆம் ஆண்டில் குக் ஆகியோரின் ஆய்வுகளால், இன்றும் கையாளப்பெறும் எதிரெதிர் முறை உருவாயிற்று.

மின்தேக்கி ஒலிவாங்கி ஒலியைக் கேட்பது மட்டுமன்றி, மின்னழுத்தம் தந்தால் ஒலியை எழுப்பவும் வல்லது. இவ்விரு திறன்களுக்கும் இடையே மாறாத உறவு உண்டு. மூன்று ஒலிவாங்கிகளை எடுத்து, இரண்டிரண்டாகச் சிறு குழி ஒன்றின் இரு முனைகளில் பொருத்தி, ஒன்றைப் பேசவும் மற்றதைக் கேட்கவும் செய்கின்றனர். ஒவ்வொரு சோதனையிலும் கிடைப்பது இரண்டின் உணர்திறன்களைப் பெருக்கிய தொகை. இதனை ஆசிரியர்கள் எளிய கணக்கால் விளக்கலாம். தெரியாத மூன்று எண்கள் உள்ளன. முதல் இரண்டின் பெருக்கம் 6. முதலும் மூன்றும் பெருக்கினால் 10. இரண்டும் மூன்றும் பெருக்கினால் 15. ஆறையும் பத்தையும் பெருக்கிப் பதினைந்தால் வகுத்தால் 4; அதன் வர்க்கமூலம் 2. ஆகவே எண்கள் 2, 3, 5. எந்த எண்ணையும் முன்னரே அறியாமல் மூன்றையும் கண்டுவிட்டோம். அவ்வாறே, தரமான ஒலி எதனையும் கையில் கொள்ளாமல், மின்னழுத்தம், குழியின் பருமன், காற்றழுத்தம், வெப்பநிலை ஆகியவற்றின் அளவைக்கொண்டே ஒலியின் தரம் நிறுவப்படுகிறது.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

இக்காலத்தில் கைப்பேசியிலேயே ஒலியளக்கும் செயலிகள் கிடைக்கின்றன. மாணவரின் ஆர்வத்தைத் தூண்ட இவை பயன்படும்; ஆயினும் இவற்றின் எண்களை மெய்யெனக் கொள்ளலாகாது. கைப்பேசியின் ஒலிவாங்கி பேச்சுக்காக அமைந்தது. பல கைப்பேசிகளில் பலத்த ஒலியை அதுவே அடக்கிக்கொள்ளும். காலிபிரேட்டரைப் பொருத்தவும் அதில் இடமில்லை. வெவ்வேறு கைப்பேசிகள் நான்கைந்தை ஒரே மேசையில் வைத்து, ஒரே செயலியால், ஒரே ஒலியை அளக்கச் செய்க. எண்கள் வேறுபடுவதை மாணவர்கள் கண்முன் காண்பர். எது சரி என்னும் வினா அவர்களிடமிருந்தே எழும். அளவுதிருத்தம் பற்றிய பாடம் அவ்வினாவிலிருந்து தொடங்கட்டும்.

சரிபார்த்த கருவி ஒன்று கிடைக்குமாயின், திறந்த மைதானத்தில் சிறிய ஒலிமூலம் ஒன்றை வைத்து, தொலைவை இருமடங்காக்கும்போது ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறைவதைக் காட்டலாம். அருகருகே இரண்டு ஒத்த மின்விசிறிகளை ஓடவிட்டு, ஒன்றைவிட இரண்டின் இரைச்சல் 3 டெசிபலே மிகும் என்பதையும் காட்டலாம்.

அளவுதிருத்தத்துக்கு ஆகும் நேரம் முன்னும் பின்னும் சேர்த்துச் சில நிமிடங்களே. அச்சில நிமிடங்களில்தான் திரையில் தோன்றும் எண், புதுதில்லியில் பேணப்படும் மூலத் தரத்தோடு தொடர்பு பெறுகிறது. அத்தொடர்பு அறுந்தால் கருவி காட்டுவது வெறும் எண்ணே. உறக்கமிழந்த நோயாளியும், குற்றம் சாட்டப்பட்ட மண்டபத்தாரும், தறியருகே நிற்கும் தொழிலாளியும் கருவியின் உட்பகுதியைத் திறந்து பார்க்க வல்லவர் அல்லர். அவர்கள் நம்புவது, அதனைக் கையில் ஏந்தி வருபவர் புறப்படுமுன் காலிபிரேட்டரைப் பொருத்திப் பார்த்திருப்பார், கண்டதைக் கண்டவாறே எழுதியிருப்பார் என்பதையே.